சின்னசாமி முதலியாரின் சுவரத் தாள்களும் கண்களும்

“நுணுக்கமான வேலை பார்த்துப் பார்த்தே கண் போய்விட்டது” என்னும் சொல்லை எங்கள் கண் பிரிவில் அன்றாடம் கேட்கிறோம். வலை செப்பனிடும் முதியவர் சொல்கிறார். பனையோலைப் பெட்டி முடையும் மூதாட்டி சொல்கிறார். தையற்காரரும், இரவில் விளக்கொளியில் குர்ஆன் ஓதிப் பழகிய பெரியவரும் அதையே சொல்கின்றனர். காரணம் தெரிந்துவிட்டது என்ற நிறைவில் வேலையை நிறுத்திவிட்டு, வீட்டில் ஓராண்டு ஈராண்டு காத்திருந்த பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றனர். இந்தக் காத்திருப்புத்தான் எங்களை வருத்துகிறது. இதைப் பற்றி எழுத எண்ணியபோது, நுணுக்கமான கண் வேலை ஒன்றுக்குத் தம் வாழ்வையே கொடுத்த ஒரு தமிழர் நினைவுக்கு வந்தார்.

அவர் செய்தது இசையை எழுத்தில் ஏற்றிச் சரிபார்க்கும் பணி. ஒரு புள்ளி இடம் மாறினால் சுவரம் மாறும். ஒரு கோடு விடுபட்டால் காலக் கணக்குத் தவறும். மேலை நாடுகளில் இப்பணியைச் செய்வோருள் பலர் தொழில்முறை இசைவாணர் அல்லர். பகலில் வேறு வேலை பார்த்து, மாலையில் சேர்ந்திசைக் குழுவில் பாடுவோரே, பதிப்புரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமையான பழைய பாடல்களின் சுவரத் தாள்களை எடுத்து, பிழை நீக்கி, தெளிவாகப் பதிப்பித்து எவருக்கும் இலவசமாக வழங்குகின்றனர். அத்தகையோரின் பதிப்புகளைத் திரட்டிவைக்கும் ‘கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி’ என்னும் நூலகம் 1998 முதல் இயங்கி வருகிறது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே சென்னையில் ஒருவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு இதற்கு நிகரான பணியில் இறங்கினார். அவரே ஏ. எம். சின்னசாமி முதலியார்.

முதலியார் ரோமன் கத்தோலிக்கர். ஆங்கிலமும் லத்தீனும் கற்றவர். சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றியவர். பாடிப் பிழைப்பவர் அல்லர். மேலை இசையின் ஐந்து கோட்டு எழுத்து முறையை நன்கு அறிந்திருந்தார். நம் கீர்த்தனைகள் குருவின் வாயிலிருந்து சீடனின் செவிக்குச் செல்வன. இடையில் ஒரு தலைமுறை தவறினால் பாடலும் தவறிவிடும். அவற்றை ஐந்து கோட்டு எழுத்தில் பதித்துவிட்டால் உலகின் எந்த மூலையில் உள்ளவரும் படித்து இசைக்கலாம் என்பது அவருடைய திட்டம். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர். ஆகவே அவருடைய சீடர் மரபில் வந்த வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதர் போன்றோரின் துணையை முதலியார் நாடினார். அவர்கள் பாடக் கேட்டுச் சுவரப்படுத்தி, அதைக் கோட்டெழுத்துக்கு மாற்றினார். சென்னைப் புதுப்பேட்டை அவே மரியா அச்சகத்தின் வழியாக, பகுதி பகுதியாக 1890-களின் தொடக்கத்தில் அவை வெளிவந்தன. ‘ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்’ என்பது அந்நூலின் பெயர்.

இதில் உள்ள சிரமத்தைச் சற்று விளக்க வேண்டும். மேலை இசையில் ஒரு சுவரம் பெரும்பாலும் தன் இடத்தில் நிலையாக நிற்கும். கோட்டின் மேல் ஒரு புள்ளி வைத்தால் போதும். நம் இசையில் சுவரம் அசையும், வழுக்கும், அடுத்த சுவரத்தைத் தொட்டுத் திரும்பும். அந்த அசைவே கமகம். அதைக் கோட்டில் ஏற்றுவதாயின் ஒரு சுவரத்துக்குப் பதில் நான்கைந்து சிறு புள்ளிகளை நெருக்கி எழுத நேரும். கையெழுத்துப் படியில் ஒரு முறை, அச்சுக் கோத்தபின் ஒரு முறை, திருத்திய பின் மீண்டும் ஒரு முறை என ஒவ்வொரு புள்ளியையும் கண் வைத்துப் பார்க்க வேண்டும். மின்விளக்குப் பரவாத காலம் அது.

இந்நிலையில்தான் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதரை (1839–1906) அவர் நாடினார். ஏர்வாடியிலிருந்து சாயல்குடி, விளாத்திகுளம் வழியாக மேற்கே பயணம் செய்தவர்கள் எட்டயபுரத்தை அறிவர். முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்த ஊர் அது. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தவர். அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் வளர்ப்பு மகனுமே சுப்பராமர். முத்துசாமி தீட்சிதரும் ஆங்கிலேயரின் மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றியிருக்கிறார். ஆகவே கீழை இசையும் மேலை இசையும் சந்திப்பது அக்குடும்பத்துக்குப் புதிதன்று. அக்குடும்பத்தின் கீர்த்தனைச் செல்வம் முழுவதும் சுப்பராமரின் நினைவிலும் ஏட்டிலும் இருந்தது.

ஆனால் முதலியாரின் கண் பார்வை மங்கத் தொடங்கியது, உடல்நலமும் குன்றியது, கைப்பொருளும் கரைந்தது. தொடங்கிய பதிப்புப் பணியைத் தாமே முடிக்க இயலாத நிலை. மனம் ஒடிந்து ஒதுங்கியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 1899-இல் எட்டயபுரம் அரசரின் பட்டாபிஷேகத்துக்கு, சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், அந்த உடல்நிலையோடு சென்றார். தீட்சிதரிடம் உள்ளவற்றை அச்சேற்ற வேண்டும் என்று அரசரிடம் வேண்டினார். தம் கண்ணால் செய்ய இயலாததைப் பிறர் கண்ணால் செய்விக்கச் சென்ற பயணம் அது என்று நாங்கள் கருதுகிறோம். அவர் வரலாற்றில் எங்கள் மனத்தை மிகவும் தொட்ட பகுதியும் இதுவே.

வேண்டுகோள் பலித்தது. எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ தெலுங்கு எழுத்தில், 1,700 பக்கங்களுக்கு மேல் வெளிவந்தது. முத்துசாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் அதில் உள்ளன. கம்பிதம், நொக்கு, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒடுக்கல், ஒரிக்கை எனக் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளும் அதில் இடம்பெற்றன. முதலியார் அந்நூலைக் காண இல்லை, 1901-இலேயே காலமானார். சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் அதைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது. இன்று தீட்சிதர் கீர்த்தனை பாடுவோர் ஐயம் எழுந்தால் புரட்டிப் பார்ப்பது அந்நூலைத்தான்.

இனி, மருத்துவர் என்ற முறையில் ஒன்றைக் கூறியாக வேண்டும். இத்தகைய வரலாறுகளைப் படிப்போர், “இரவு பகலாக எழுதியதால் கண் போயிற்று” என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். ஜெர்மானிய இசைமேதை பாக் பற்றியும் சிறுவயதில் நிலவொளியில் சுவரத் தாள்களைப் படியெடுத்ததே அவர் பார்வையைப் பறித்தது என ஒரு கதை உண்டு. பாக்கிற்கு 1750-இல் கண் அறுவை செய்யப்பட்டது, அது பயன் தரவில்லை, அவ்வாண்டே இறந்தார். கதை உருக்கமானது, மருத்துவம் அதை ஏற்பதில்லை. வளர்ந்தவர்களின் கண்ணை நுணுக்கமான வேலையோ மங்கிய விளக்கோ குருடாக்குவதில்லை. கண் எரியலாம், உலரலாம், தலை வலிக்கலாம். ஓய்வெடுத்தால் அவை தீரும். பார்வையைப் பறிப்பவை வேறு. நாற்பது வயதுக்குமேல் அனைவருக்கும் வரும் வெள்ளெழுத்து கண்ணாடியால் சரியாகும். கண்புரை அறுவையால் நீங்கும். சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் கசிவும், கிளாக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோயும் தொடக்கத்தில் வலியோ சிவப்போ காட்டுவதில்லை. கிளாக்கோமாவால் இழந்த பார்வை எந்தச் சிகிச்சையாலும் திரும்புவதில்லை. எஞ்சியதைக் காக்கவே முடியும். வேலையின் மீது பழி போட்டுக் காத்திருக்கும் மாதங்கள் எத்துணை விலையுடையவை என்பது இதனால் விளங்கும்.

முதலியார் காலத்தில் மருத்துவமனை இல்லாமல் இல்லை. 1819-இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. புதுப்பேட்டைக்கு அருகிலுள்ள எழும்பூரில் இன்றும் இயங்குகிறது. எனினும் அக்கால மருத்துவத்தின் கை நீளம் குறைவு. கண்ணுக்குள் செயற்கை வில்லை முதன்முதல் பொருத்தப்பட்டது 1949-இல்தான். அதற்கு முன் புரை அறுவை செய்துகொண்டவர் தடித்த கண்ணாடியையே நம்ப வேண்டும். விழித்திரைக்கான லேசர் அதற்கும் பிந்தியது. இன்று இவை அனைத்தும் மாவட்ட அளவிலேயே கிடைக்கின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்கள், கண் தெளிவாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். குடும்பத்தில் எவருக்கேனும் கிளாக்கோமா இருப்பின், நாற்பது வயதைக் கடந்த உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்னும் பார்வை குறைவாகவே எஞ்சியவர்கள் பழகிய வேலையை உடனே கைவிட வேண்டியதில்லை. கைப்பிடி உருப்பெருக்கி, தோளின் பின்னிருந்து விழும் வெளிச்சம், பெரிய எழுத்தில் எடுத்த படி ஆகியவை பெரிதும் உதவும். முழுதும் பார்வை இழந்தோருக்கும் வழி உண்டு. லூயி பிரெய்ல் தாமே ஆர்கன் வாசித்தவர்; 1829-இல் அவர் வெளியிட்ட புள்ளி எழுத்து முறையில் இசைக்கான குறிகளும் இருந்தன. பாட்டியின் தாலாட்டையோ, தாத்தாவின் அம்பாப் பாட்டையோ வீட்டில் ஒருவர் கேட்டு எழுதிக்கொள்வதும், கைப்பேசியில் பதிவு செய்வதும் இப்பணியைச் சேர்ந்தவையே. கண் மங்கியவர் சொல்ல, கண்ணுள்ளவர் எழுதலாம்.

கண்ணாடி எழுதித் தரும்போது நாங்கள் வழக்கமாக ஒன்றேகால் அடித் தொலைவில் அட்டையைப் படிக்கச் செய்கிறோம். சேர்ந்திசைக் குழுவில் பாடுபவர் தாளைக் கை நீட்டிப் பிடிக்கிறார், அல்லது இரண்டடிக்கு அப்பால் தாங்கியில் வைக்கிறார்; படிப்பதற்கான கண்ணாடியில் அத்தொலைவு மங்கலாகவே தெரியும். வலை பின்னுபவருக்கும் தையற்காரருக்கும் அவரவர் தொலைவு உண்டு. ஆகவே பரிசோதனைக்கு வரும்போது நீங்கள் அன்றாடம் பார்க்கும் பொருளையே, பாட்டுப் புத்தகமாயினும் ஊசி நூலாயினும், உடன் எடுத்து வாருங்கள். அதை வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் பிடித்துக் காட்டினால், அந்தத் தொலைவுக்கே கண்ணாடி எழுதித் தருவோம்.