துளைக்குள் இருக்கும் கணினி

மடிக்கணினியின் ஓரத்தில் உள்ள டைப்-சி போர்ட்டில் எதுவும் செருகப்படாதபோது, விதிப்படி அதன் மின்முனைகளில் மின்சாரம் இருக்கக் கூடாது. பழைய செவ்வக யூஎஸ்பி போர்ட் அப்படியல்ல. கணினி ஓடிக்கொண்டிருந்தால் அதில் 5 வோல்ட் தயாராக நிற்கும். எதைச் செருகினாலும் கொடுத்துவிடும். டைப்-சியோ எதிரில் இருப்பது யார் என்று தெரியாமல் மின்சாரத்தைத் திறந்துவிடாது. தெரிந்துகொள்ள அது விசாரிக்கிறது. விசாரிப்பதற்கென்று போர்ட்டின் பின்னால் ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்பில் செயலி, நினைவகம், அதற்கென்று எழுதி வைத்த நிரல் எல்லாம் உண்டு. அந்த நிரலைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம்.

இது தெரிந்தால் பழுதைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். ஒருநாள் சார்ஜ் ஏறவில்லை, வெளித்திரையில் படம் வரவில்லை என்றால் "போர்ட் போயிடுச்சு, மதர்போர்டையே மாத்தணும்" என்று சொல்லிவிடுவார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உலோக முனைகளும் பற்றவைப்பும் நன்றாகவே இருந்து, விசாரிக்கும் நிரல் மட்டும் தடுமாறியிருக்கவும் வாய்ப்புண்டு. முதல் வகைப் பழுதுக்குப் பற்றவைக்கும் கோல் வேண்டும். இரண்டாவது வகைக்கு ஒரு கோப்பு போதும்.

டைப்-சி இணைப்பின் விதிமுறை 2014 ஆகஸ்டில் வெளியானது. அந்தச் சிறிய வாய்க்குள் வரிசைக்குப் பன்னிரண்டாக 24 தொடுமுனைகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டுக்கு மட்டும் சிசி என்று பெயர்; விசாரணை முழுவதும் அவற்றின் வழியாகத்தான் நடக்கிறது. மின்சாரம் தரும் பக்கம் ஒரு மின்தடை மூலம் இந்த முனையின் மின்னழுத்தத்தை மேலே இழுத்து வைத்திருக்கும். மின்சாரம் பெறும் பக்கம் 5.1 கிலோ ஓம் மின்தடை வழியாக அதைக் கீழே இழுக்கும். மின்னழுத்தம் இறங்கியதுமே, மின்சாரம் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். கேபிளுக்குள் இதற்காக ஓடுவது ஒரே கம்பி. ஆகவே இரண்டு சிசி முனைகளில் எதில் மாற்றம் தெரிந்தது என்று பார்த்தால், கேபிளை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினோம் என்பதும் தெரியும். அதற்கேற்பத் தரவுக் கம்பிகளின் பாதையைச் சுற்று தானே மாற்றிக்கொள்கிறது.

மடிக்கணினிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சார்ஜரிடம் அது மின்சாரம் வாங்க வேண்டும். செல்பேசிக்கு அதுவே மின்சாரம் தர வேண்டும். வரப்போவது எது என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் இப்படி இரு வேலையும் செய்யும் போர்ட், காலியாக இருக்கும்போது நொடிக்குப் பத்து இருபது தடவை தருபவராகவும் பெறுபவராகவும் மாறி மாறிக் காத்திருக்கிறது. நாம் வெறும் துளையாகப் பார்க்கும் இடத்தில் இது ஓயாமல் நடக்கிறது.

ஆளை அடையாளம் கண்டதும் 5 வோல்ட் திறக்கும். அதற்குப் பிறகு அதே சிசி கம்பியில், நொடிக்கு சுமார் 3 லட்சம் பிட் வேகத்தில் உரையாடல் தொடங்குகிறது. டிபன் கடையில் உட்கார்ந்ததும் சப்ளையர் வந்து இருப்பதை ஒப்பிப்பதும், நாம் ஒன்றைச் சொல்வதும், அவர் தலையாட்டிவிட்டுப் போய்க் கொண்டுவந்து வைப்பதும் போலத்தான் இது. "5, 9, 15, 20 வோல்ட் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் இத்தனை ஆம்பியர் தருவேன்" என்று சார்ஜர் முதலில் பட்டியலிடும். கணினி ஒன்றைக் கேட்கும். சார்ஜர் ஒப்புக்கொள்ளும், மின்னழுத்தத்தை உயர்த்தி முடித்ததும் "தயார்" என்று சொல்லும். 3 ஆம்பியருக்கு மேல் வேண்டுமென்றால் கேபிளிடமும் கேட்க வேண்டும். 5 ஆம்பியர் தாங்கும் கேபிளின் தலைக்குள் தன் தகுதியைச் சொல்லும் குட்டிச் சிப் ஒன்று இருக்கிறது. அது பதில் சொன்னால்தான் 20 வோல்ட்டில் 100 வாட் கிடைக்கும். வெளித்திரைக்குப் படம் அனுப்பலாமா என்ற பேச்சும் இதே கம்பியில்தான்.

இந்த உரையாடலில் ஒரு பதில் தாமதமானாலும், ஒரு செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் இரு தரப்பும் தொடர்பை முறித்து முதலிலிருந்து தொடங்கலாம். அப்போது மின்னழுத்தம் சுழிக்கு இறங்கி மறுபடி 5 வோல்ட்டில் எழும். சார்ஜ் ஏறும் குறி வருவதும் போவதுமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். மின் பேரத்தின் விதிமுறையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 100 வாட்டாக இருந்த உச்சம் 2021இல் 240 வாட் ஆனது. பழைய கணினி, பல கருவிகளை ஒரே கேபிளில் இணைத்துத் தரும் புதிய டாக் ஒன்றைச் சந்திக்கும்போது, அதன் நிரலை எழுதியவர்கள் எதிர்பாராத செய்திகளும் வந்து சேரலாம்.

நிரலில் வரும் கோளாறு எத்தனை முகம் காட்டும் என்பதற்கு நல்ல சான்று லெனோவாவின் திங்க்பேட். 2017 முதல் 2019 வரை வந்த பல மாடல்களில், டைப்-சி போர்ட் வழியே அதிவேகத் தரவை அனுப்பும் தண்டர்போல்ட் இணைப்பின் கட்டுப்பாட்டுச் சிப்பின் ஃபர்ம்வேரை அவசரமாகப் புதுப்பிக்கும்படி அந்த நிறுவனம் அறிவித்தது. அறிகுறிகளாக அது சொன்னவை: டைப்-சி போர்ட் வேலை செய்யாமல் போவது, டாக் தெரியாமல் போவது, எச்டிஎம்ஐ படம் வராதது, டைப்-சி வழியாக பேட்டரி சார்ஜ் ஆகாதது, கணினி தொடங்கும்போதே உறைந்து நிற்பது. பார்ப்பவர் பேட்டரியைக் குறை சொல்வார், டாக்கை மாற்றுவார், திரையைச் சந்தேகிப்பார். வேர் என்னவோ ஒரு நிரலில் இருந்தது.

ஆகவே ஆராய்ச்சியை வரிசையாகச் செய்ய வேண்டும். முதலில் கணினியை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் போர்ட்டுக்குள் பாருங்கள். பையில் சேரும் பஞ்சு உள்ளே அமுங்கியிருந்தால் பிளக் முழுதாக இறங்காது. மரக் குச்சியால் மெதுவாக எடுக்கலாம். குண்டூசி கூடாது, நடுவில் உள்ள மெல்லிய நாக்கு உடையும். அடுத்து கேபிள், பிறகு சார்ஜர், பிறகு வேறு போர்ட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் குற்றவாளி தெரியும். சார்ஜ் ஏற்றும் கேபிள் எல்லாம் படம் அனுப்பாது என்பதையும் நினைவில் வையுங்கள். கணினியை முழுதாக அணைத்த நிலையில் சார்ஜ் ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் போர்ட்டின் உலோகத்தின் மீதான சந்தேகம் பெரிதும் குறையும். அடுத்து இயங்குதளத்தையும் டிரைவரையும் பார்க்கலாம்.

அதிலும் தெளிவில்லையென்றால் மின்சாரத்தை முழுதாக வடிக்க வேண்டும். நாம் ஷட்-டவுன் செய்தாலும் மடிக்கணினி முழுதாகத் தூங்குவதில்லை. பவர் பொத்தானையும் சார்ஜையும் கவனிக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சிப்புக்கு பேட்டரியிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே அதில் ஏறிய குழப்பம் சாதாரண ரீஸ்டார்ட்டில் தீராமல் போகலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பது, சில மாடல்களில் அடிப்பக்கத்து ஊசித்துளையை அழுத்துவது என்று தயாரிப்பாளர் சொன்ன வழியில் அதையும் நிறுத்தி எழுப்பினால், பல நேரம் போர்ட் உயிர்பெறும்.

பிறகுதான் ஃபர்ம்வேர். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் திரையிலோ விண்டோஸ் டிவைஸ் மேனேஜரிலோ தெரியும் பதிப்பு எண்ணை, உங்கள் மாடலுக்கென்று தயாரிப்பாளர் வெளியிட்டதோடு ஒப்பிடுங்கள். லினக்ஸில் ரிச்சர்ட் ஹியூஸ் தொடங்கிய எஃப்.டபிள்யூ.அப்.டி என்ற கருவி இந்த வேலையைச் செய்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் வேண்டாம். புதுப்பிக்கும் நிரல் பெரும்பாலும் சார்ஜர் செருகப்பட்டிருக்க வேண்டும், பேட்டரியில் போதிய சார்ஜ் இருக்க வேண்டும் என்று கேட்கும். சார்ஜ் ஏறாத கணினியில் இது தலைகீழ்ச் சிக்கல். இன்னொரு போர்ட் வேலை செய்யும்போதே, பேட்டரியில் மிச்சம் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

இத்தனை கண்டிப்புக்குக் காரணம் அந்த நிரல் தங்கியிருக்கும் இடம். மனிதனை நிலவுக்குக் கொண்டுபோன அப்பல்லோ கணினியில் நிரந்தர நிரலைக் கம்பியால் நெய்தார்கள். காந்த வளையத்துக்குள் கம்பி நுழைந்து போனால் 1, விலகிப் போனால் 0. மாசசூசெட்ஸில் ரேதியான் ஆலைப் பெண்கள் கையால் நெய்த அந்த நிரலைத் திருத்துவது என்றால் மறுபடி நெய்வதுதான். 1971இல் இன்டெலில் டோவ் ஃப்ரோமன், அழித்து எழுதக்கூடிய நினைவகச் சிப்பைக் கொண்டுவந்தார். அதன் முதுகில் குவார்ட்ஸ் சாளரம் இருக்கும். புற ஊதா ஒளியில் வைத்தால் எழுதியது அழியும். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984இல் அறிவித்த ஃபிளாஷ் நினைவகம் ஒளியையும் விட்டது. மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம். மின்காப்பு அடுக்குக்குள் அடைபட்ட எலக்ட்ரான்கள்தான் அதில் எழுத்து. மின்சாரம் இல்லாமலே அவை பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். உங்கள் போர்ட் எப்படிப் பேச வேண்டும் என்ற விதி முழுவதும் அப்படி அடைபட்ட எலக்ட்ரான்கள்தாம்.

ஆனால் ஃபிளாஷில் ஒரு பகுதியை மாற்ற முதலில் அந்தத் தொகுதியை முழுதாக அழிக்க வேண்டும். அழித்து முடித்து, புதியதை எழுதி முடிக்காத அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் பழைய நிரலும் இல்லை, புதிய நிரலும் இல்லை. கவனமாக வடிவமைத்த சிப்புகள் இரண்டு பிரதிகள் வைத்திருக்கும். புதியதை எழுதிச் சரிபார்த்த பிறகே அதற்கு மாறும். எல்லாச் சிப்பும் அப்படியல்ல. அதனால்தான் திரை கறுத்து, விசிறி மட்டும் இரைந்துகொண்டிருக்கும் அந்த நிமிடங்களில் பொறுமையிழந்து பவர் பொத்தானைத் தொடக் கூடாது.

கோப்பையும் தயாரிப்பாளரிடமிருந்தே வாங்க வேண்டும். சாதாரண யூஎஸ்பி கருவியின் ஃபர்ம்வேரை மாற்றி எழுதி அதை உளவாளியாக்க முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோலும் யாகோப் லெல்லும் 2014இல் செய்து காட்டினார்கள். நல்ல கணினிகள் கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்பே எழுத அனுமதிக்கின்றன.

நிரலால் தீராத பழுதும் உண்டு. 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையில் இரண்டு சிசி முனைகளுக்குத் தனித்தனி மின்தடை வைப்பதற்குப் பதில் ஒன்றையே பொதுவாக வைத்துவிட்டார்கள். சிப் வைத்த கேபிளைச் செருகினால், வந்திருப்பது ஒலிக்கருவி என்று நினைத்து சார்ஜர் மின்சாரம் தர மறுத்தது. தீர்வு, திருத்திய பலகைதான். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங், சந்தையில் விற்ற டைப்-சி கேபிள்களைப் பொதுநலனுக்காக ஒவ்வொன்றாகச் சோதித்தவர். 2016இல் அவர் சோதித்த ஒரு கேபிளில் மின்கம்பியும் தரைக்கம்பியும் இடம் மாறியிருந்தன. செருகியதும் அவருடைய குரோம்புக் பிக்சலின் இரண்டு டைப்-சி போர்ட்டுகளும் போயின. மென்பொருள் வழியே மீட்க முயன்றும் பலனில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் முதல் செல்பேசிகளுக்கும், 2026 ஏப்ரல் முதல் மடிக்கணினிகளுக்கும் டைப்-சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சார்ஜ், திரை, தரவு எல்லாம் ஒரே வாயில் வரும்போது, அந்த வாயைக் காக்கும் நிரலைத் தயாரிப்பாளர் எத்தனை ஆண்டு திருத்தித் தருகிறார் என்பது பொருளின் ஆயுளைத் தீர்மானிக்கும். புதுக் கணினி வாங்கும்போது நினைவகம் எவ்வளவு என்று கேட்கிறோம். அந்த மாடலின் பழைய பதிப்புகளுக்கு இன்னும் ஃபர்ம்வேர் வருகிறதா என்றும் கேட்க வேண்டும். மதர்போர்டை மாற்றச் சொல்பவரிடம், எந்தப் பதிப்பு இருக்கிறது, எந்தப் பதிப்பு வந்திருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் பற்றவைக்கும் கோலைக் கையில் எடுக்கலாம்.