புதிய வன்தட்டில் பழைய இயங்குதளம்

கணினியை இயக்கும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் வன்தட்டில் பதிந்துள்ளது. அத்தட்டு பழுதாகத் தொடங்கினால், கோப்புகளைப் புதிய தட்டில் படியெடுத்தால் போதும் எனப் பலர் எண்ணுவர். ஆயினும் அத்தட்டிலிருந்து கணினி தொடங்குவதில்லை. மின்பொத்தானை அழுத்தியவுடன் கணினி தேடுவது தொடக்க நிரலை. அது பயனர் காணும் கோப்புறைகளுக்கு வெளியே, தனிப் பகுதியில் மறைந்திருக்கும். ஆகவே, நகலாக்க மென்பொருளைக் கொண்டு தட்டு முழுவதையும் படியெடுத்தல் வேண்டும்.

மூலத் தட்டு எது, இலக்குத் தட்டு எது என்பதை இருமுறை சரிபார்த்தல் இன்றியமையாதது. விரைவுக்குரிய இடம் இதுவன்று. இரண்டும் மாறிவிட்டால், வெற்றுத் தட்டே பழையதன்மேல் எழுதப்பட்டு, ஆண்டுக்கணக்கில் சேர்த்த கட்டுரைகளும் நிழற்படங்களும் அழிந்துபோகும்.

நகலெடுத்தபின் இரு தட்டுகளும் ஒரே அடையாள எண்ணைக் கொண்டிருக்கக்கூடும். எனவே, முதன்முறை தொடங்கும்போது பழையதைக் கழற்றி வைப்பது நலம். புதியது சில நாள் செம்மையாக இயங்கும்வரை பழையதை அழித்தலாகாது.