தொலைவிலிருந்து பொதி அவிழ்த்தல்

1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்து அருவியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே நம் தங்கவயலை வந்தடைந்தது. அருவியை எவரும் இங்குத் தூக்கி வரவில்லை. உருளை அங்கேயே சுழன்றது, பயன் இங்கே கிட்டிற்று. வீட்டுக் கணிப்பொறியில் நாம் அண்மையில் செய்த வேலையும் இத்தகையதே.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் நம்மவர் பல திசைகளில் பிரிந்தனர். விடியலில் பெங்களூர் வண்டியேறி இருளில் திரும்புவோர் ஒருபுறம். கடல் கடந்தோர் ஒருபுறம். குடும்பப் படங்களும் அவ்வாறே பிரிந்து போயின. சிங்கப்பூரிலுள்ள நம் சிற்றப்பா, தம்மிடமிருந்த படங்களையும் பாட்டனாரின் சுரங்கப் பணிச் சான்றுகளையும் படியெடுத்து, 11 ஜிகாபைட் கொண்ட ஒரே ‘ஜிப்’ பொதியாக நம் வீட்டுச் சர்வருக்கு அனுப்பினார். சர்வர் என்றதும் மலைக்க வேண்டா. லினக்ஸ் ஏற்றிய பழைய மடிக்கணினியே அது. அலமாரியின்மேல் இரவு பகலாக விழித்திருக்கிறது.

அப்பொதியைக் கைப்பேசிக்கு இறக்கி, அவிழ்த்து, மீண்டும் வீட்டுக்கு ஏற்றுவது வீண் உழைப்பு. பின்லாந்து நாட்டு தாட்டு இலோனன் 1995-இல் உருவாக்கிய எஸ்.எஸ்.எச். முறையால், வீட்டுப் பொறிக்குள் மறைவழியே நுழைந்து கட்டளை மட்டும் இடலாம். சில எழுத்துகளே பயணம் செய்யும். பளுவெல்லாம் வீட்டிலேயே நடைபெறும். கடவுச்சொல்லை நீக்கித் திறவுகோல் முறையை வைத்துக்கொள்வது நலம்; திறந்த கதவை உலகெங்கும் தட்டிப் பார்ப்போர் உளர்.

முதலில் இடம் போதுமா என நோக்கினோம். ஒளிப்படங்கள் முன்னரே சுருங்கியவை; ஜிப் அவற்றை மேலும் பெரிதாகச் சுருக்குவதில்லை. ஆகவே பொதிக்கு 11 ஜிகாபைட் போக, அவிழ்த்தவற்றுக்கும் ஏறக்குறைய அவ்வளவே வேண்டும். பொதி பழுதின்றி வந்ததா எனவும் சோதித்தோம். பின், மாலை வண்டியில் அமர்ந்தவாறே ‘அன்சிப்’ கட்டளையை இட்டோம்.

மாலூர் தாண்டியதும் தொடர்பு அறுந்தது. அதனோடு வீட்டில் நடந்த வேலையும் நின்றது! இரவு வீடு சேர்ந்து, ‘இருப்பதை விட்டு இல்லாததை மட்டும் அவிழ்’ எனப் பணித்தோம். சிறிது நேரத்தில் முடிந்தது. பெருமையுடன் அன்னையாரை அழைத்தோம்.

“மாமாவுக்கு இடுப்புக்குக் கீழே காணோமே!” என்றார் அவர்.

பாட்டனார் தலைக்கவசத்துடன் நின்ற படத்தின் கீழ்ப்பாதி வெறுஞ் சாம்பல் நிறம். தொடர்பு அறுந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு அது. அரைகுறையாயினும் பெயரளவில் இருந்ததால், நம் கட்டளைப்படியே பொறி அதனை விட்டுச் சென்றது. பிழை நம்முடையதே. நல்வேளையாக மூலப் பொதியை நீக்கவில்லை. மேலெழுதுமாறு பணித்து அப்படத்தை மீண்டும் அவிழ்த்தோம்.

இப்போது ‘டிமக்ஸ்’ என்னும் கருவிக்குள் வேலையைத் தொடங்குகிறோம். வண்டியில் தொடர்பு அறுந்தாலும் வீட்டில் வேலை நிற்பதில்லை. மீண்டும் நுழைந்து, விட்ட இடத்தைக் காணலாம். பொதி அனுப்பும் உறவினர்க்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பழைய செயலிகளால் கட்டிய பொதிகளில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் சிதைந்து வரலாம்; எண்ணிட்டு அனுப்பி, பெயர்ப்பட்டியைத் தனியே எழுதுக.

ஐயமுள்ள அன்பர்கள் ஞாயிறு மாலை சங்க அறைக்கு வரலாம். அன்று நமக்கு வண்டிப் பயணம் இல்லை.