பால்நீர் பிடிக்கும் தங்கம்

பழைய கணினியின் மதர்போர்டில் மெமரி செருகும் பள்ளத்தை உற்றுப் பார்த்தால் மஞ்சளாக மின்னும் பொடிப் பற்கள் தெரியும். அது தங்க முலாம். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துருவும் பிடிக்காது என்பதால் அங்கே தங்கம்தான் பூசுகிறார்கள்.

பூசுவது சுலபம், திரும்ப எடுப்பதுதான் பாடு. சாதாரண அமிலம் எதற்கும் தங்கம் கரைந்துகொடுக்காது. ராஜதிராவகம் என்னும் அமிலக் கலவை வேண்டும், இல்லையென்றால் சயனைடு. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் குடிசைத் தொழிலாகவே போர்டுகளை எரித்தும் அமிலத்தில் முக்கியும் உலோகம் பிரித்தார்கள். சாம்பலும் கழிவும் ராம்கங்கை ஆற்றங்கரையில் குவிந்தன.

சுவிட்சர்லாந்தின் இ.டி.எச். சூரிச் ஆய்வாளர்கள் 2024-ல் காட்டிய வழி வேறு. சீஸ் செய்யும்போது வடியும் பால்நீரில் புரதம் இருக்கிறது. அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் அது நுண்ணிய இழைகளாகத் திரண்டு கூழாகிறது, உலர்த்தினால் பஞ்சு. 20 மதர்போர்டுகளின் உலோகப் பாகங்களைக் கரைத்து, அந்தக் கரைசலில் பஞ்சைப் போட்டார்கள். செம்பு, இரும்பு எல்லாம் கலந்து கிடந்தாலும் பஞ்சு பிடித்துக்கொண்டது பெரும்பாலும் தங்க அயனிகளைத்தான். பிறகு பஞ்சைச் சூடாக்கி, தங்கத் துகளை உருக்கினார்கள். கிடைத்த கட்டி 450 மில்லிகிராம். 91 சதவீதம் தங்கம், மீதி செம்பு: நம் நகைக்கடைக் கணக்கில் 22 கேரட். இருபது போர்டுக்கு ஒரு மூக்குத்தி!

ஆனால் இதை முழுப் பசுமை என்று சொல்லிவிட முடியாது. கரைக்கும் முதல் படியில் அமிலம் அப்படியே இருக்கிறது. பால்நீர் வேலைக்கு வருவது அதற்குப் பிறகுதான். சுற்றுச்சூழலைக் கெடுப்பது முக்கியமாக அந்த முதல் படி என்பதால், அங்கே கைவைக்கும் முறைகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

பிரிட்டனின் ராயல் மின்ட் அப்படி ஒன்றில் இறங்கியிருக்கிறது. நாணயம் அச்சிடும் இந்த நிறுவனம், வேல்ஸில் உள்ள லான்ட்ரிசன்டில் 2024-ல் ஓர் ஆலை திறந்தது. போர்டிலுள்ள பாகங்களைக் கழற்றி, தங்கம் உள்ள துண்டுகளைத் தனியே பிரிக்கிறார்கள். கனடாவின் எக்சிர் நிறுவனம் உருவாக்கிய கரைசல், உலை எதுவும் இல்லாமல் அறை வெப்பநிலையிலேயே சில நிமிடங்களில் தங்கத்தை மட்டும் தேர்ந்து கரைக்கிறது. ஆண்டுக்கு 4,000 டன் போர்டு வரை கையாளலாம்.

அத்தனை போர்டு ஆலைக்கு வந்து சேர வேண்டுமே. 2022-ல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். இந்தியாவில் உற்பத்தியாளர்களின் பொறுப்பை வரையறுக்கும் புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. ஆனாலும் பழைய கணினியை வாங்க வீட்டு வாசலுக்கே வந்து, கையில் காசும் கொடுப்பவர் காயலான் கடைக்காரர்தான்.