அப்பலாச்சியன் பாதையில் மண்வெட்டி பிடிப்பவர்கள் யார்?

அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடரில் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் முடிகிறது. நீளம் 3,500 கிலோமீட்டருக்கு மேல். முதுகில் மூட்டையோடு முழுவதும் நடக்க ஐந்தாறு மாதம் பிடிக்கும். 1955-ல் 67 வயதில் தனியாக நடந்து முடித்த எம்மா கேட்வுட் பாட்டியின் கதையை இன்றும் சொல்கிறார்கள். நடந்தவர்களுக்குப் புகழ் கிடைத்தது, நியாயம்தான். ஆனால் அந்தப் பாட்டியின் காலடியில் பாதை என்று ஒன்று இருந்ததற்குக் காரணமானவர்களை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

மலைப்பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். ஆயிரக்கணக்கானோர் மிதித்து மண் இறுகித் தாழ்ந்ததும் பாதை ஓடையாகிவிடும். மழை அதன் வழியே இறங்கி மண்ணை வாரிக்கொண்டு போகும். வேரும் கல்லும் துருத்திக்கொண்டு நிற்கும். நடப்பவர் அதைத் தவிர்த்துப் பக்கத்துப் புல்லில் கால் வைப்பார். அங்கேயும் மண் இறுகும், பாதை அகலும், காடு தேயும். இதற்கு மருந்து எளிமையானது. பாதையின் குறுக்கே சாய்வாகக் கல்லையோ மரத்தடியையோ பதித்து, வயலில் மடை திறப்பதுபோலத் தண்ணீரைச் சரிவுப் பக்கம் திருப்பிவிடுவார்கள். ஆனால் சருகும் வண்டலும் அதை அடைத்துக்கொண்டே இருக்கும். யாராவது வந்து தூர் வாரவேண்டும், அடுத்த ஆண்டும் வாரவேண்டும்.

புதர் வெட்டுவது, விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்குவது, மழைக்கு ஒதுங்கும் கொட்டகைகளையும் கழிப்பிடங்களையும் பழுது பார்ப்பது எல்லாம் இதோடு சேர்ந்த வேலைகள். பாதையின் அடையாளமான வெள்ளைப் பட்டையை, 5 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமுமாக மரங்களில் தீட்டுவதும் இவர்கள்தான். காட்டியல்பு கெடாமல் காக்க 1964-ல் வந்த சட்டத்தின்கீழ் ஒதுக்கப்பட்ட வனப்பகுதிகளில் பொதுவாக இயந்திர ரம்பத்துக்கு அனுமதி இல்லை. அங்கே இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கும் பழைய ரம்பம்தான். அதைக் கையாளவும் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

இத்தனையும் செய்பவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. பாதை நெடுக சுமார் 30 நடைச் சங்கங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான தொண்டர்கள், மொத்தம் லட்சத்துக்கும் மேற்பட்ட மணி நேரம் உழைக்கிறார்கள். மெய்ன் சங்கத்தின் பொறுப்பில் மட்டும் சுமார் 430 கிலோமீட்டர். டார்ட்மத் கல்லூரி மாணவர்களின் சங்கம் ஒரு பகுதியைப் பார்க்கிறது. டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் ஈஸ்ட்மன் ரசாயன ஆலை ஊழியர்கள் தொடங்கிய சங்கம் இன்னொரு பகுதியை. சங்கத்துக்குள்ளும் பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, இந்தச் சாலையிலிருந்து அந்த ஓடைவரை இன்னார் பொறுப்பு என்று ஆள் குறிக்கிறார்கள். என் கணிப்பில் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுதான். எல்லோருக்கும் சொந்தமான 3,500 கிலோமீட்டரை யாராலும் கவனிக்க முடியாது. தன் பெயர் எழுதிய நான்கு கிலோமீட்டரை ஒருவர் பத்து, இருபது ஆண்டுகள் கவனிப்பார்.

இது தற்செயலாக அமையவில்லை. 1921-ல் பென்டன் மெக்கே என்ற வனவியலாளர் ஒரு கட்டடக்கலை இதழில் இந்தப் பாதையை முன்மொழிந்தபோது, நகரத்துத் தொழிலாளர்கள் மலையில் வந்து தங்கும் முகாம்களையும் கூட்டுப் பண்ணைகளையும் சேர்த்தே கனவு கண்டார். கனவை மண்ணில் இறக்கியவர் மைரன் ஏவ்ரி என்ற வழக்கறிஞர். சைக்கிள் சக்கரத்தில் அளவுமானி பொருத்தி, அதை உருட்டிக்கொண்டே மலையெல்லாம் நடந்து அளந்தவர். சங்கம் இல்லாத இடத்தில் சங்கம் தொடங்கவைத்து, ஆளுக்கொரு பகுதியைக் கையில் கொடுத்தார். வர்ஜீனியாவில் மலைமுகட்டில் அரசு கார் சாலை போட்டபோது இருவரும் முட்டிக்கொண்டார்கள். காட்டுக்குள் மோட்டார் சாலை கூடவே கூடாது என்றார் மெக்கே. பாதையைச் சற்று நகர்த்தினாலும் தொடர்ச்சி அறக்கூடாது என்றார் ஏவ்ரி. 1935-ல் உறவு முறிந்தது. 1937-ல் பாதை முழுமையடைந்தது. மெக்கே பக்கமும் நியாயம் உண்டு. ஆனாலும் ஏவ்ரியின் பிடிவாதம் இல்லாவிட்டால் அந்தப் பாதை கட்டுரையாகவே நின்றிருக்கும்.

பாதை இருந்ததே தவிர, அதன் கீழிருந்த நிலம் பாதுகாப்பாக இல்லை. கணிசமான பகுதி தனியார் நிலத்தில், உரிமையாளரின் வாய்மொழிச் சம்மதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிலம் கைமாறி வீடு எழும்பினால் பாதை தார்ச்சாலைக்குத் தள்ளப்பட்டது. 1968-ல் இதைத் தேசியப் பாதையாக அறிவித்துச் சட்டம் வந்தது. அது மட்டும் போதவில்லை. 1978-ல் திருத்தம் வந்து 9 கோடி டாலர் வரை அனுமதித்த பிறகே நிலம் வாங்கும் பணி வேகம் பிடித்தது. இன்று 99 சதவீதத்துக்கு மேல் பொதுநிலத்தில் இருக்கிறது.

வாங்கிய நிலத்தின் அன்றாட நிர்வாகத்தை 1984-ல் தேசியப் பூங்காத் துறை அப்பலாச்சியன் பாதைப் பேரவையிடம் ஒப்படைத்தது. சங்கங்களின் கூட்டமைப்பாக 1925-ல் உருவான தனியார் அமைப்பு அது. அரசு தன் நிலத்தைத் தொண்டர்களை நம்பி விட்ட அந்த ஒப்பந்தம், நில கையகப்படுத்தலைவிடப் பெரிய துணிச்சல் என்றே நான் நினைக்கிறேன். அதனால் சங்கங்களுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. பாதைக்கு இருபுறமும் உள்ள நிலத்தின் எல்லைக் கற்களைத் தேடி நடந்து, மஞ்சள் வண்ணக் குறிகளைப் புதுப்பித்து, பக்கத்து நிலத்தவர் மரம் வெட்டியிருக்கிறாரா, வண்டித்தடம் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பது. அந்த எல்லையில் வழி இருக்காது, முள்ளும் சரிவும்தான் இருக்கும்.

எல்லைக்கல் தீர்க்காத சிக்கல்களும் உண்டு. வர்ஜீனியாவில் பாதைக்கு அடியில் எரிவாயுக் குழாய் கொண்டுபோவது குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாதையைப் பூங்காத் துறை நிர்வகித்தாலும் அது ஓடும் தேசிய வன நிலம் வனத்துறையுடையதே, குழாய்க்கு அத்துறை அனுமதி தரலாம் என்று 2020 ஜூனில் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே நிறுவனங்கள் செலவையும் தாமதத்தையும் காட்டித் திட்டத்தைக் கைவிட்டன. ஆனால் தீர்ப்பு நிற்கிறது. ஒரே பாதை பல துறைகளின் நிலத்தில் ஓடுவதன் பலவீனம் அதில் தெரிந்தது.

2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் சூறாவளி தெற்கு மலைகளைப் புரட்டியபோது சுமார் 700 கிலோமீட்டர் பாதை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன, சரிவுகள் அப்படியே கழன்று இறங்கின, ஓர் ஆற்றுப் பாலம் போனது. அங்கே ஒரு நீண்ட பகுதியைப் பார்க்கும் கரோலினா மலைச் சங்கத்தின் ஊரான ஆஷ்வில்லே வெள்ளத்தில் சிதைந்து, வாரக்கணக்கில் குடிநீருக்குத் தவித்தது. அந்த நிலையிலிருந்த ஊர்களிலிருந்துதான் ரம்பத்தோடு ஆட்கள் மலையேறினார்கள். பிற சங்கத்தாரும் வனத்துறையினரும் கைகொடுத்தார்கள். அடுத்த வசந்தத்துக்குள் பெரும்பகுதியில் மீண்டும் நடக்க முடிந்தது.

இப்படிப் பெரிய வேலைக்கு உள்ளூர்ச் சங்கத்தின் வார இறுதிக் கைகள் போதாது. அதற்காகவே பேரவை 1983 முதல் வர்ஜீனியாவில் கோனராக் என்ற பணிக்குழுவை நடத்துகிறது. பருவகாலத்தில் தொண்டர்கள் வந்து சில நாட்கள் மலையில் தங்கி, கற்படி அமைப்பது, பாதையைச் சரிவில் புதிதாக வெட்டுவது போன்ற கனமான வேலைகளைச் செய்கிறார்கள். முன் அனுபவம் கேட்பதில்லை. சாப்பாடும் கருவியும் பேரவை தருகிறது. கடப்பாரையால் பாறையைப் பெயர்ப்பது எப்படி என்று அங்கேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.