எட்டாவது முடிந்தது... பையன் எங்கே?
மாநகராட்சி நடுநிலைப் பள்ளிகளில் டி.சி. சீசன்

மே மாதம் பிறந்துவிட்டால் நடுநிலைப் பள்ளி வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். சினிமாக் கூட்டம் அல்ல. ரேஷன் கூட்டமும் அல்ல. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு டி.சி. வாங்க வந்தவர்கள்.

எட்டு வருஷம் ஒரே கூரை. ஒன்றாம் வகுப்பில் அம்மா இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுத பிள்ளை, இப்போது அரும்பு மீசையோடு வந்து நிற்கிறான். தாளை நாலாக மடிக்கிறான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறான்.

எங்கே போகிறான்?

ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் சந்தோஷம். போகவில்லை என்றால், அது யார் கண்ணிலும் சட்டென்று படாது. பழைய பள்ளிக்கூடத்தில் அவன் பாஸ். புதுப் பள்ளிக்கூடத்தில் அவன் பெயரே இல்லை. ஆகவே எந்த ரிஜிஸ்டரிலும் "ஆப்சென்ட்" விழாது!

92-ம் 70-ம்

சென்னை மாநகராட்சிக்கு 2022 வாக்கில் 281 பள்ளிக்கூடங்கள் இருந்தன. அதில் 119 தொடக்கப் பள்ளி. 92 நடுநிலைப் பள்ளி. உயர்நிலைப் பள்ளி 38, மேல்நிலைப் பள்ளி 32. ஒன்பதாவது படிக்க இடம் இருந்தது இந்த 70 பள்ளிகளில்தான். (புறநகர்ப் பகுதி அரசுப் பள்ளிகள் மாநகராட்சியோடு சேர்ந்தது பிற்பாடு.)

நடுநிலைப் பள்ளி என்றால் எட்டாவதோடு கடைசி மணி. அதற்கு மேல் வேறு பள்ளிக்கூடம், வேறு தெரு, வேறு வாத்தியார். பெரியவர்களுக்கு இரண்டு பஸ் ஸ்டாப் தூரம். 13 வயசுப் பிள்ளைக்கு அது வேறு ஊர்.

காலையில் ஒரு வரிசை

ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் ஏதாவது ஒரு நடுநிலைப் பள்ளிக்குக் காலை எட்டு மணிக்குப் போனால் ஒரு காட்சி. ஆறாவது படிக்கும் அக்கா ஒரு கையில் தன் பையையும் இன்னொரு கையில் தம்பியையும் பிடித்துக்கொண்டு வருவாள். தம்பி உப்புமாவுக்கு வரிசையில் உட்காருவான். அக்கா தூணில் சாய்ந்து நிற்பாள். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ம் வகுப்பு வரைதான் என்று வந்தது. ஆறாவது ஏறிய பிள்ளைக்குக் காலைப் பசி எடுக்காது என்று யார் சொன்னார்களோ!

இது புதுக்கதை அல்ல. சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு 1920-லேயே வந்தது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் காலத்தில் ஆரம்பித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. 1956-ல் காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டு போனார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். அப்போதும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் முதலில். 10 முதல் 15 வயது வரை உள்ளவர்கள் 1984 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுநிலை வகுப்புக்காரர்கள் எப்போதும் இரண்டாவது பந்திதான்.

வாய் அசையும்... எழுத்து வராது!

வகுப்புக்குள் போவோம். 2003-ல் சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் ஒரு புது முறையைக் கொண்டு வந்தது. செயல்வழிக் கற்றல். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை எடுத்துத் தாங்களே படிப்பார்கள். எட்டும் உயரத்தில் அவர்களுக்கென்று கரும்பலகை. டீச்சரும் பாயில் உட்காருவார். ரிஷிவேலியில் பார்த்துவிட்டு வந்து செய்த ஏற்பாடு. 2007 வாக்கில் தமிழ்நாடு பூராவும் பரவியது. 6, 7, 8-க்கு வேறு பாணி. படி, வரை, பேசு, எழுது என்று பாடத்தைப் பிள்ளைகளே உடைத்துப் பார்க்க வேண்டும். மனவரைபடம் போட வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு!

ஆறாவது வரை வந்துவிட்டு வாக்கியம் கூட்டத் தெரியாத பிள்ளை ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு. அவன் ஒளிந்துகொள்ளும் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து படிக்கும்போது வாய் அசைப்பான். போர்டில் இருப்பதை அச்சு மாதிரி எழுதி வைப்பான். நோட்டைப் பார்த்தால் முதல் ரேங்க். "சாக்பீஸ் யார் எடுத்துட்டு வர்றீங்க?" என்றால் அவன்தான் முதலில் எழுவான். தண்ணீர் டிரம் தூக்க, பெஞ்ச் நகர்த்த, அடுத்த வகுப்புக்குச் சீட்டு கொண்டுபோக எல்லாவற்றுக்கும் அவனே. "ரொம்ப உதவியா இருப்பான் சார்" என்று பெயர். ஒரு பாராவைத் தனியாகப் படி என்றால்தான் வயிற்று வலி வந்துவிடும்.

டீச்சர்களுக்குத் தெரியாதா? தெரியும். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரை 35 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்கிறது. கணக்கு - அறிவியல், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் ஆள் இருக்க வேண்டும் என்கிறது. ஒருவர் மருத்துவ விடுப்பில் போனால் இரண்டு வகுப்பு ஒரே அறையில். பெரும்பாலான நடுநிலைப் பள்ளியில் கிளார்க் கிடையாது. எச்.எம்.மே கம்ப்யூட்டரில் பதிவு போட வேண்டும், எச்.எம்.மே குழாய் ரிப்பேருக்கு வார்டு ஆபீசில் நிற்க வேண்டும்.

ஃபெயில் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கட்சி உண்டு. 2019-ல் 5-க்கும் 8-க்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, கூச்சல் கிளம்பி, 2020 பிப்ரவரியில் வாபஸ் ஆனது. ஃபெயில் ஆன பையன் அதே பெஞ்சில் மறுவருஷம் உட்காருவான் என்று நினைப்பவர்கள் வடசென்னைப் பக்கம் வந்து பார்க்கவேண்டும். மறுநாளே மெக்கானிக் ஷாப்பில் ஸ்பானர் பிடித்துக்கொண்டு நிற்பான். அதற்காக எழுத்துத் தெரியாமல் ஏற்றிவிடுவது நியாயமா? அதுவும் இல்லை. கொரோனா ஊரடங்குக்குப் பின் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. தெருவிலேயே படித்த பெண்கள் மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகைக்குத் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் சாயங்காலப் பாடம் எடுத்தார்கள். 2025-ல் 6 முதல் 9 வரை உள்ளவர்களுக்குத் தமிழ், இங்கிலீஷ், கணக்கு அடிப்படையைத் திரும்பச் சொல்லித்தர "திறன்" திட்டம் வந்தது. ஆறாவதில் பிடித்தால் உண்டு. எட்டாவதில் பிடிப்பது என்பது ரயில் கிளம்பிய பிறகு ஓடுவது.

தெருவுக்கே பெரிய வீடு

வெள்ளம் வந்தால் ஜனங்கள் எங்கே போகிறார்கள்? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தாழ்வான தெருக்காரர்களுக்கு மாநகராட்சிப் பள்ளிக்கூடங்கள்தான் நிவாரண முகாம். ஓட்டுப் போட அங்கேதான். தடுப்பூசி போட அங்கேதான். தாத்தா படித்த பள்ளிக்கூடம், அப்பா படித்த பள்ளிக்கூடம் என்று சொல்லும் வீடுகள் நிறைய.

இந்த உறவுக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழு. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022 மார்ச் 20-ல் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் பெற்றோர் கூட்டம் போட்டு, 20 பேர் கொண்ட குழு அமைத்தார்கள். மீன் கூடைக்காரம்மாவும் வீட்டு வேலைக்குப் போகிறவரும் எச்.எம். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தது அப்போதுதான். முதல் கூட்டங்களில் "நீங்க பார்த்து செய்ங்க டீச்சர்" என்பார்கள். நாலு கூட்டம் போனால் "அந்தக் கக்கூசுக்கு ஏன் தாப்பா இல்ல?" என்று கேட்பார்கள். பெரிய பெண் பிள்ளைகள் பள்ளிக்கு முழுக்குப் போட தாழ்ப்பாள் இல்லாத கழிவறை ஒன்று போதும். அது அம்மாக்களுக்குத் தெரியும். எஞ்சினியர் எஸ்டிமேட்டில் வராது.

சட்டம் கையை விடும் நாள்

2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வரை. எட்டாம் வகுப்பு முடியும் மட்டும் இலவசம், கட்டாயம். அதோடு சரி.

இன்னொரு பக்கம் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. வைத்த முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 வருஷம் வரை ஜெயில், அல்லது ரூ.20 ஆயிரம் முதல் ரூ.50 ஆயிரம் வரை அபராதம், இல்லை இரண்டும். ஆனால் 2016 திருத்தத்தில் 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்குத் தடை, சுரங்கம், வெடிமருந்து மாதிரி ஆபத்தான தொழிலுக்கு மட்டுமே.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "படித்தே ஆகவேண்டும்" என்ற சட்டம் பையனை விடுகிற இடமும், "வேலைக்கு வரலாம்" என்ற சட்டம் அவனைப் பிடிக்கிற இடமும் கிட்டத்தட்ட ஒன்று. நடுவில் ஒரே ஒரு கோடை லீவு!

அந்த லீவு காசிமேட்டுப் பக்கம் எப்படிப் போகிறது? விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 61 நாள். கூலிக்குக் கடலுக்குப் போகும் அப்பா வீட்டில் உட்கார்ந்திருப்பார். வருமானம் பூஜ்யம். அதே நாட்களில்தான் பையன் டி.சி.யோடு வீட்டுக்கு வருகிறான். மாமா வருவார். "சும்மாதானே கீறான், லீவுக்கு நம்ம ஷாப்புக்கு அனுப்பு மச்சான்" என்பார். சனிக்கிழமை சனிக்கிழமை கையில் காசு. அம்மா கையில் கொடுக்கும்போது பையனுக்குப் பெருமை தாங்காது. ஜூனில் பள்ளி திறக்கும். ஜூன் பாதியில் படகு கிளம்பும், அப்பா கடலுக்குப் போய்விடுவார். பையன் மட்டும் ஷாப்பிலேயே நின்றுவிடுவான்.

பெண் பிள்ளைக்கு வேறு கதை. "தூரமா இருக்கு, தனியா அனுப்ப பயமா இருக்கு" என்பார்கள். தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பார்கள். அப்புறம் ஜாதகம் வெளியே வரும். 18 வயதுக்கு முன்னால் கல்யாணம் குற்றம் என்று 2006 சட்டம் சொல்கிறது. படிக்கிற பெண்ணைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. வீட்டில் இருக்கிற பெண்ணைக் கேட்டு வருகிறவர்கள் அதிகம்.

சர்க்கார் கணக்கிலும் இந்த இடத்தில் ஒரு பள்ளம். சத்துணவுப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை எட்டாவதோடு நின்றுவிடும். இலவச சைக்கிள் பதினொன்றாவதில் வரும். நடுவில் உள்ள இரண்டு வருஷம்தான் கண்டம்.

போலீசுக்குத் தெரிந்த வகுப்பு

போலீசார் இதை வேறு வழியில் கண்டுபிடித்தார்கள். 2022 செப்டம்பர் 14-ல் சென்னைப் போலீஸ் "சிற்பி" என்று ஒரு திட்டம் தொடங்கியது. 100 பள்ளிகளில் பள்ளிக்கு 50 பேர் என்று 5,000 பிள்ளைகளுக்கு ஒழுக்கம், சட்டம், போதைப் பொருள் பற்றிப் பாடம். எந்த வகுப்பு என்று தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? எட்டாம் வகுப்பு.

பெற்றோர் காதில் போட வேண்டிய இன்னொரு விஷயம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ரூ.1,000 என்று 2022-ல் புதுமைப்பெண் திட்டம் வந்தது. பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் வந்ததே, அதற்கும் ஆறாவதிலிருந்துதான் கணக்கு. மூன்று வருஷக் கணக்கை நடுநிலைப் பள்ளியிலேயே சம்பாதித்து வைத்துவிட்டு டி.சி.யோடு சேர்த்துத் தொலைத்துவிடுகிறார்கள்.

பொதுத் தொகுப்பில் ஒரு பெயர்

டி.சி. கொடுத்ததும் பிள்ளையின் பெயர் கல்வித் துறைக் கம்ப்யூட்டரில் பொதுத் தொகுப்பு என்ற இடத்துக்குப் போகும். அடுத்த பள்ளி எடுத்துச் சேர்க்கும் வரை அங்கேயே தொங்கும். ஜூலையில் யார் பெயர் இன்னும் தொங்குகிறதோ அவன் எங்கும் சேரவில்லை என்று அர்த்தம். கண்டுபிடிப்பது இவ்வளவு சுலபம். ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

விவரமான சில எச்.எம்.கள் டி.சி.யைப் பையன் கையில் கொடுப்பதே இல்லை. ஏப்ரலிலேயே எட்டாவது முழுக்கக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியைக் காட்டுவார்கள். "இதான் லேப், இதான் உங்க கிளாஸ்" என்று அந்த ஊர்ப் பயத்தைப் பாதி கழற்றிவிடுவார்கள். பிறகு மொத்தப் பேரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு வருவார்கள். அதற்குத் தனி நிதி வேண்டாம், திட்டம் வேண்டாம். ஒரு காலை நேரம் போதும்.

அப்படியும் இரண்டு மூன்று பேர் நழுவுவார்கள். டீச்சர் போன் போட்டால் "இந்த எண் உபயோகத்தில் இல்லை". கொடுத்த விலாசத்தில் வேறு குடித்தனம். சில வீடுகள் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ மாறிப் போயிருக்கும். 14 வயதுக்குக் கீழே வேலை செய்வதைப் பார்த்தால் 1098-க்கு யார் வேண்டுமானாலும் போன் போடலாம். அதற்கும் பையன் எங்கே இருக்கிறான் என்று தெரிய வேண்டுமே!

அப்போது டீச்சர்கள் போய் நிற்கும் இடம் சத்துணவுக் கூடம். தட்டு எண்ணி எண்ணியே எல்லா வீட்டுக் கதையும் ஆயாவுக்கு அத்துப்படி. கம்ப்யூட்டரில் இல்லாத விலாசம் அங்கே கிடைக்கும்.

"அவன் வூடா டீச்சர்? மூணாவது சந்து, தண்ணித் தொட்டிக்கு எதிர. பகல்ல போவாதீங்க, இருக்க மாட்டான். ராவுக்கு எட்டு மணிக்கு மேல போங்க. அவங்கம்மா இருக்கும்போது பேசுங்க. கேக்கும்."