6 செல்கி விருது வாங்கியவரா, பிளே ஆஃபில் கலக்கியவரா? ஐஸ் ஹாக்கியில் தீராத விவாதம்!

ஐஸ் ஹாக்கியில் ஃபார்வர்டு என்றாலே கோல் அடிப்பவர் என்றுதான் நினைப்போம். ஆனால் பக் எதிரணி வசம் போனதும் வேகமாகத் திரும்பி வந்து, அவர்களின் ஸ்டார் வீரரை மறிக்கும் ஃபார்வர்டுகளும் உண்டு. இவர்கள்தான் ‘டூ-வே ஃபார்வர்டு’. அமெரிக்கா, கனடா அணிகள் ஆடும் என்.ஹெச்.எல் தொடரில், தடுப்பாட்டத்தில் சிறந்த ஃபார்வர்டுக்கு 1978 முதல் செல்கி விருது தரப்படுகிறது.

அப்போ, அதிக செல்கி வாங்கியவர்தானே பெஸ்ட்? அங்கேதான் சிக்கல்.

பாஸ்டன் அணியின் பேட்ரிஸ் பெர்ஜெரான் 6 முறை வாங்கியிருக்கிறார். இது சாதனை. டெட்ராய்ட் அணியின் பாவெல் டாட்சுக் 3 முறை, அதே அணியில் அவருக்கு முன் கலக்கிய செர்கே ஃபெடரோவ் 2 முறைதான். ஆனால் இந்த விருது லீக் சுற்று ஆட்டத்துக்கு மட்டுமே. ஸ்டான்லி கோப்பையைத் தீர்மானிக்கும் பிளே ஆஃப் கணக்கிலேயே வராது.

உச்சம் யாருடையது?

ஒரே ஒரு சீசனை எடுத்தால், சந்தேகமே வேண்டாம், ஃபெடரோவ்தான். 1993-94-ல் 56 கோல், 64 அசிஸ்ட், மொத்தம் 120 பாயிண்ட். மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருது, செல்கி இரண்டையும் ஒரே சீசனில் தட்டிச் சென்ற ஒரே வீரர் இவர்தான். டாட்சுக்கின் உச்சம் 97 பாயிண்ட். கோல்கள் குறைவாக விழுந்த காலத்தில் அடுத்தடுத்து இரண்டு சீசன் அதை எடுத்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

பிளே ஆஃபில் என்ன ஆனது?

1996-97 லீக் சுற்றில் ஃபெடரோவ் 74 ஆட்டத்தில் 63 பாயிண்ட்தான். ‘ஆளு அவ்வளவுதான்’ என்று நினைக்க வைக்கும் சரிவு. ஆனால் பிளே ஆஃபில் 20 ஆட்டத்தில் 20 பாயிண்ட். டெட்ராய்டுக்கு 42 ஆண்டுகள் கழித்துக் கோப்பை. அடுத்த சீசனில் ஒப்பந்தத் தகராறால் லீக் சுற்றில் ஆடியது வெறும் 21 ஆட்டம். பிளே ஆஃப் வந்ததும் 10 கோல், மறுபடியும் கோப்பை!

டாட்சுக் 2008-ல் 22 ஆட்டத்தில் 23 பாயிண்ட் எடுத்துக் கோப்பையும் வென்றார். மறு ஆண்டு காயம். ஃபைனலின் 5-வது ஆட்டத்தில்தான் திரும்பினார். கோப்பை பிட்ஸ்பர்க்குக்குப் போனது.

மொத்த பிளே ஆஃப் கணக்கில் ஃபெடரோவ் 183 ஆட்டத்தில் 176 பாயிண்ட். பெர்ஜெரான் 170-ல் 128. எண்களில் ஃபெடரோவ் முந்துகிறார் என்றாலும், பெர்ஜெரானை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 2011 ஃபைனலின் கடைசி ஆட்டத்தில் 2 கோல் அடித்தவர். 2013 ஃபைனலின் 6-வது ஆட்டத்திலோ விலா எலும்பு முறிவோடு இறங்கினார். பாஸ்டன் தோற்றது. ஆட்டம் முடிந்து மருத்துவமனைக்குப் போனால், நுரையீரலிலும் காயம்!